பின்னல் துணியின் தரமும் நீர்வழிப் பதப்படுத்தலும்: திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூரில் உருவாகும் பருத்திப் பின்னல் துணியின் தரம் நூற்பிலும் பின்னலிலும் தொடங்குகிறது. எனினும் அது முழுமை பெறுவது வெளுப்பு, சாயமேற்றல், இறுதிப் பதப்படுத்தல் ஆகிய கட்டங்களில்தான். சாயம் துணியில் ஏறுவதற்குத் துணைநிற்கும் உப்பே நொய்யலாற்றின் சீர்கேட்டிற்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று. துணியாக்கத்தின் படிநிலைகளை விளக்கி, துணியின் தரத்தேவைக்கும் நீரின் உப்புச்சுமைக்கும் இடையிலான தொடர்பை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். 2011ஆம் ஆண்டிற்குப் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, துணியாக்கத்திற்குப் புறம்பான பணியாக அன்றி அதன் ஒரு படிநிலையாகவே மாறியுள்ளது என்பது இதில் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, சாயப்பட்டறை, நொய்யல், உப்பு, துணித்தரம், சுத்திகரிப்பு.

முன்னுரை

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரின் அருகே காவிரியில் கலக்கிறது. இவ்வாற்றின் கரையில் வளர்ந்த திருப்பூர், உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் உற்பத்தியில் தொடங்கி, ஏற்றுமதிப் பின்னலாடை நகரமாக உயர்ந்தது. இங்குத் துணியாக்கம் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நிகழ்வதில்லை. நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எனத் தனித்தனி நிறுவனங்கள் கூலிமுறையில் செய்யும் வேலைகளின் தொடர்ச்சியாகவே ஓர் ஆடை உருவாகிறது.

இவ்வமைப்பில் ஒரு கட்டத்தில் நேரும் பிழை அடுத்த கட்டத்தில்தான் கண்ணுக்குப் புலப்படும். நூலில் கலந்துவிட்ட பாலிபுரோப்பிலீன் சாக்கு இழை, பின்னிய துணியில் எளிதில் தெரிவதில்லை. அவ்விழை பருத்திக்குரிய சாயத்தை ஏற்காததால், சாயமேற்றிய பின்னரே வெள்ளைக் கீற்றாக வெளிப்படுகிறது. வெவ்வேறு தொகுதி நூல்கள் ஒரே துணியில் கலந்திருந்தால் சாயத்திற்குப் பின் குறுக்குக் கோடுகள் தோன்றுகின்றன. ஆகவே துணியின் தரம் சோதனைக்குள்ளாகும் முதன்மையான இடமாகச் சாயப்பட்டறை விளங்குகிறது.

பின்னலும் கண்ணி நீளமும்

நெசவுத் துணியில் பாவும் ஊடும் என இரு நூல்தொகுதிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைகின்றன. பின்னல் துணியிலோ நூல் கண்ணியாக வளைந்து, முந்தைய வரிசையின் கண்ணிக்குள் நுழைகிறது. பனியன் துணி உடலோடு இசைந்து விரிவதற்கு இக்கண்ணி அமைப்பே காரணம். அதே அமைப்பினால்தான் துவைத்தபின் துணி சுருங்குவதும், ஆடையின் பக்கத்தையல் முன்புறமாகத் திரும்புவதும் நேர்கின்றன.

வட்டப் பின்னல் எந்திரத்தில் நூலின் எண், ஊசிகளின் நெருக்கம், கண்ணி நீளம் ஆகிய மூன்றும் துணியின் எடையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கண்ணி நீளம் கூடினால் துணி தளர்ந்து எடை குறையும். குறைந்தால் துணி இறுகி எடை கூடும். தொழிலில் ஒரு சதுரமீட்டர்த் துணியின் கிராம் எடையே ஜி.எஸ்.எம். எனப்படுகிறது. 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத்துண்டை வெட்டி எடையிட்டு, அதனை 100ஆல் பெருக்கி இதனைக் கணக்கிடுவர். துண்டின் எடை 1.40 கிராம் எனில் துணி 140 ஜி.எஸ்.எம். ஆகும். எந்திரத்திலிருந்து இறங்கிய துணியின் ஜி.எஸ்.எம். இறுதியானதன்று. நீரில் நனைந்து தளர்ந்து, சுருங்கி, உலர்ந்த பின்னரே அதன் நிலையான எடையும் அகலமும் அமைகின்றன.

வெளுப்பும் நீரின் தன்மையும்

பருத்தியின் மேற்பரப்பில் இயற்கையான மெழுகும் பெக்டினும் உள்ளன. இவற்றை நீக்காவிட்டால் துணி நீரை உறிஞ்சாது. எரிசோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைச் சேர்த்து உயர்வெப்பத்தில் துணியை வேகவைக்கும்போது மெழுகு நீங்கி, இயற்கை நிறமும் வெளுக்கிறது. எஞ்சிய பெராக்சைடு சாயத்தைச் சிதைக்கும் என்பதால், கேட்டலேஸ் என்னும் நொதி அதனை அகற்றப் பயன்படுகிறது. மேற்பரப்பில் நீட்டிநிற்கும் நுண்ணிழைகளைச் செல்லுலேஸ் நொதி கரைக்கிறது. பயன்பாட்டில் துணி உருண்டை கட்டாமலிருக்க இது உதவுகிறது.

இக்கட்டத்தில் நீரின் தன்மை மிகவும் முக்கியமானது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் சாயம் சீராகப் பரவாமல் திட்டுகள் விழும். நீரில் இரும்பு கலந்திருந்தால், அது பெராக்சைடின் வினையைத் தூண்டித் துணியில் நுண்துளைகளை ஏற்படுத்தும். நிலத்தடிநீர் கடினமாகவும் பற்றாக்குறையாகவும் இருந்த திருப்பூரில், பட்டறைகள் நெடுங்காலம் லாரி நீரை நம்பியிருந்தன. நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் காவிரி நீரைக் கொணரும் புதிய திருப்பூர்ப் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம், இத்தேவையின் விளைவாகவே உருவானது.

சாயமேற்றலில் உப்பின் பங்கு

பருத்திப் பின்னல் துணிக்குப் பெரும்பாலும் வினைச்சாயங்களே பயன்படுகின்றன. நீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. வினைச்சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொண்டதே. ஒத்த மின்தன்மையுடைய இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால், சாயம் இழையை அணுகாமல் நீரிலேயே தங்கிவிட முனைகிறது. சாதாரண உப்பு அல்லது சோடியம் சல்பேட் எனப்படும் கிளாபர் உப்பைச் சேர்க்கும்போது இவ்விலக்கம் தணிந்து, சாயம் இழைக்குள் செல்கிறது. அதன்பின் சோடா சாம்பல் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால், சாயம் செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பு கொள்கிறது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு உப்பும் மிகுதியாகத் தேவைப்படும்.

உப்பின் பணி சாயத்தை இழைக்குள் செலுத்துவதோடு முடிந்துவிடுகிறது; அது துணியில் தங்குவதில்லை. இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 100 கிலோ துணிக்கு, ஒன்றுக்கு ஆறு என்னும் துணி-நீர் விகிதத்தில் 600 லிட்டர் நீர் வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் வீதம் அதில் 36 கிலோ உப்பு கரைக்கப்படுகிறது. வெளுப்பு முதல் கடைசி அலசல் வரை ஒரு கிலோ துணிக்கு 50 லிட்டர் நீர் செலவாகிறது என்று கொண்டால், மொத்தக் கழிவுநீர் 5,000 லிட்டர். சோடா சாம்பலைக் கணக்கில் கொள்ளாமலேயே, இந்நீரில் லிட்டருக்கு 7,200 மில்லிகிராம் உப்பு இருக்கும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட கரைந்த திடப்பொருள் வரம்போ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அவ்வரம்பிற்குள் கொண்டுவர வேண்டுமெனில், அந்த 36 கிலோ உப்பை 17,000 லிட்டருக்கும் மேற்பட்ட தூயநீரில் கரைக்க வேண்டியிருக்கும்.

இதனோடு மற்றொரு முரணும் உண்டு. வினைச்சாயத்தின் ஒரு பகுதி இழையோடு பிணையாமல் நீருடனேயே வினைபுரிந்து விடுகிறது. அது துணியில் தங்கினால், துவைக்கும்போது சாயம் இறங்கி மற்றத் துணிகளில் ஒட்டும். எனவே சோப்புக் கரைசலில் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கிப் பலமுறை அலச வேண்டியுள்ளது. அலசலைக் குறைத்தால் துணியின் சாயவுறுதி குறையும். கூட்டினால் கழிவுநீர் பெருகும். குறைந்த நீரில் இயங்கும் மென்னோட்டச் சாய எந்திரங்களும், குறைந்த உப்பில் ஏறும் சாயங்களும் இம்முரணைத் தணிக்கின்றன. ஆனால் முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

இறுதிப் பதப்படுத்தலும் தரச்சோதனையும்

சாயமேறிய துணிக்கு மென்மையூட்டிய பின் நீர் பிழியப்படுகிறது. பிழிதலிலும் உலர்த்தலிலும் நேரும் இழுவையால் துணி நீளவாக்கில் நீண்டுவிடும். அவ்வாறே விட்டால், நுகர்வோர் முதல்முறை துவைக்கும்போது அந்நீட்சி சுருக்கமாக வெளிப்படும். இதனைத் தவிர்க்கத் துணி தளர்நிலையில் உலர்த்தப்படுகிறது. அதன்பின் காம்பாக்டிங் எந்திரம், துணியை நீராவியால் நெகிழ்த்தி, உள்வாங்கும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் வெளிவிட்டு, கண்ணிகளை நீளவாக்கில் நெருக்குகிறது. அதாவது, துவைக்கும்போது நேரவேண்டிய சுருக்கம் ஆலையிலேயே முன்கூட்டி நிகழ்த்தப்படுகிறது. விரித்த அகலத்தில் பதப்படுத்தும் துணிக்கு, ஸ்டெண்டர் எந்திரம் அகலத்தையும் வரிசைகளின் நேர்மையையும் சீராக்குகிறது.

இதன்பின் சுருக்கம், சாயவுறுதி, வெடிப்புறுதி ஆகியவை சோதிக்கப்படுகின்றன. சாயவுறுதி 1 முதல் 5 வரையிலான சாம்பல் அளவுகோலால் மதிப்பிடப்படுகிறது. 5 என்பது நிறமாற்றமின்மையைக் குறிக்கும். நிறப்பொருத்தம் பகலொளிக்கு இணையான விளக்கொளிப் பெட்டியில் பார்க்கப்படுகிறது. நான்கு புள்ளி முறையில் மூன்று அங்குலம் வரையிலான குறைக்கு ஒரு புள்ளியும், ஒன்பது அங்குலத்தை மிஞ்சும் குறைக்கு நான்கு புள்ளிகளும் இடப்படுகின்றன. இச்சோதனைகள் யாவும் துணியை அளப்பவை. துணியை விட்டு நீங்கிய நீரை அளப்பவையல்ல. வாங்குவோர் வகுத்த தரத்தின் எல்லை துணியோடு முடிந்தது. அவ்வெல்லைக்கு வெளியே நின்ற செலவு ஆற்றின் கீழ்ப்பகுதியில் விழுந்தது.

ஒரத்துப்பாளையமும் நீதிமன்ற ஆணைகளும்

நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. சாயக்கழிவு தேங்கும் இடமாக அது மாறியதால், தங்கள் நலனுக்காகக் கட்டப்பட்ட அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கோரும் நிலை உருவானது. 1990களில் நிறுவப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேதிமுறையில் நிறத்தையும் மிதக்கும் திடப்பொருளையும் குறைத்தன. கரைந்த உப்பு அம்முறையில் நீங்குவதில்லை. ஆகவே, நிறம் தெளிந்து வெளியேறிய நீரும் பாசனத்திற்கு உதவாததாகவே இருந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் சிறிதும் வெளியேறா நிலையைப் பட்டறைகள் எய்த வேண்டும் என 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேற்றப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இதனால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னும் கரங்களும் தைக்கும் கரங்களும் இருந்தும், சாயமின்றித் துணியில்லை என்பதை நகரம் அப்போது நேரில் கண்டது.

உப்புநீரின் மறுபயன்பாடு

கழிவுநீர் வெளியேறாச் சுத்திகரிப்பில், உயிரியல் முறையில் கரிமப்பொருள் நீக்கப்பட்ட நீர் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு உட்படுகிறது. பெரும்பகுதி தூயநீராக மீள்கிறது. எஞ்சுவது செறிந்த உப்புநீர். இதனை முழுவதும் ஆவியாக்குவதற்கு மிகுந்த எரிபொருள் தேவை. நிறமும் கடினத்தன்மையும் நீக்கிய உப்புநீரை நேரடியாகச் சாயமேற்றலுக்கே திருப்பும் முறை இதற்கு மாற்றாக வந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இம்முறையின் முன்னோடியாக அறியப்படுகிறது.

இம்மறுபயன்பாடு தரத்திற்கும் சுத்திகரிப்பிற்கும் இருந்த இடைவெளியை நீக்குகிறது. திரும்பிவரும் உப்புநீரில் கால்சியமோ பழைய நிறமோ எஞ்சியிருந்தால், அடுத்த துணியில் திட்டும் நிறவேறுபாடும் தோன்றும். முன்னர் ஆறு மட்டுமே தாங்கிய சுத்திகரிப்புக் குறை, இப்போது பட்டறையின் துணியிலேயே தெரிகிறது. ஆயினும் மறுபயன்பாட்டிற்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தேங்குவது, இன்னும் தீர்வு வேண்டிநிற்கும் சிக்கலாகும்.

தொழில்வழக்கும் இம்மாற்றத்தை எட்டவில்லை. சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, சாயக்கழிவு என நீர்சார்ந்த கட்டங்களுக்குத் தமிழ்ச்சொற்கள் வழங்குகின்றன. மறுபயன்பாட்டு உப்புநீரோ மூலப்பொருளான பின்னரும் ‘கழிவு’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கப்படுகிறது.

முடிவுரை

பின்னல் துணியின் எடை, மென்மை, சுருங்காமை, சாயவுறுதி ஆகியவை நீரோடும் உப்போடும் பிணைந்தவை என்பது மேற்கண்ட விளக்கத்தால் புலனாகிறது. சாயமேற்றலின் வேதியியலே உப்பைக் கோருவதால், உப்புச்சுமை ஒரு பட்டறையின் கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. தரத்தின் வரையறைக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. நீதிமன்ற ஆணைகள் அச்சுமையை ஆற்றிலிருந்து ஆலைக்குத் திருப்பின. ஆனால் சுத்திகரிப்பின் செலவு துணியின் விலையில் உரிய அளவு இடம்பெறாதவரை, அதனைப் பட்டறைகள் மட்டுமே சுமக்க நேரும். மறைவாகக் கழிவைத் திறந்துவிடும் தூண்டுதலும் நீடிக்கும். ஆகவே துணித்தரச் சோதனையின் வரிசையில், ஒரு கிலோ துணிக்குச் செலவான நீரும் மீட்கப்பட்ட உப்பும் அளவிடப்பட்டு இடம்பெற வேண்டும். பின்னலாடைத் தொழில் பற்றிய தமிழ் ஆய்வுகள் துணியையும் ஆற்றையும் இருவேறு பொருள்களாகப் பிரிக்காமல் ஒருசேர நோக்குவது இதற்குத் துணைபுரியும்.