காய்க்காத இரட்டைப் பூ

ஒரே காம்பின் உச்சியில் இரண்டு பூக்கள். இரண்டும் தலை குனிந்து, சின்னஞ்சிறு மணிகளைப் போலத் தொங்கும். வெளிர் ரோஜா நிறம். உட்புறத்தில் சற்று அழுத்தமான கோடுகள். காம்பு ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளர்வது அபூர்வம். பைன் மரக் காட்டில், பாசி படர்ந்த தரையில் பூத்திருக்கும் இதைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. பூவுக்கு வாதுமையை நினைவூட்டும் இனிய வாசனை!

இதன் பெயர் லின்னேயா போரியாலிஸ். 'போரியாலிஸ்' என்றால் வடதிசைக்கு உரியது என்று பொருள். ஸ்வீடன், பின்லாந்து, சைபீரியா, கனடா என்று பூமியின் வடபாகத்தைச் சுற்றிலும் உள்ள குளிர்நாட்டுக் காடுகளில் இது படர்கிறது. ஆங்கிலேயர் இதை 'இரட்டைப் பூ' என்றே அழைக்கிறார்கள்.

அறிஞரின் செல்லப் பூ

'லின்னேயா' என்பது ஸ்வீடன் தேசத்துத் தாவர நிபுணர் கார்ல் லின்னேயஸின் பெயர். செடிகொடிகளுக்கெல்லாம் இரண்டு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் அவர். இரட்டைப் பெயர் தந்தவருக்கு இரட்டைப் பூ வாய்த்தது பொருத்தந்தான்!

1732-ல், 25 வயது வாலிபராக இருந்தபோது, அவர் வடகோடியிலுள்ள லாப்லாந்து பிரதேசத்துக்குப் புறப்பட்டார். குதிரை மீதும் கால்நடையாகவும் பல மாதங்கள் சுற்றினார். இந்தச் சிறு பூவின் மேல் அவருக்கு இருந்த பற்றை அறிந்த ஹாலந்து அறிஞர் குரோனோவியஸ், லின்னேயஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1737-ல் தீட்டப்பட்ட ஓவியத்தில் லின்னேயஸ் லாப்லாந்து உடை தரித்து, கையில் இந்தப் பூவுடன் காட்சி தருகிறார். பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தபோது தம் குலச் சின்னத்திலும் இதையே இடம்பெறச் செய்தார். (தம்மைக் கண்டித்து எழுதிய சீகஸ்பெக் என்பவரின் பெயரை ஒரு களைச் செடிக்கு வைத்தவரும் இவரேதான்!)

ஸ்காட்லாந்தின் புதிர்

ஸ்வீடனில் இன்றும் இது பரவலாக வளர்கிறது. பெண் குழந்தைகளுக்கு 'லின்னேயா' என்று பெயர் வைப்பதும் அங்கே வழக்கம். ஆனால் பிரிட்டனில் இது அபூர்வச் செடி. ஸ்காட்லாந்தில் கெயர்ன்கார்ம் மலைப் பகுதியின் பழைய பைன் காடுகளே அதற்கு முக்கியப் புகலிடம்.

அந்தக் காடுகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விறகுக்கும் விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் பல நூற்றாண்டுகளாக அழிந்து வந்தன. இரண்டு உலக யுத்தங்களின்போது, கனடாவிலிருந்து மரம் வெட்டுவதற்கென்றே படைப்பிரிவுகள் வந்து இறங்கின. முளைத்த கன்றுகளை மான்கள் மேய்ந்தன. பிறகு நெருக்கி நட்ட தோப்புகளிலோ தரையில் வெளிச்சமே விழவில்லை. அரை நிழலை விரும்பும் செடிக்கு அந்த இருட்டு ஒத்துவருமா? மிஞ்சியவை துண்டு துண்டான காடுகள்; அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரட்டைப் பூத் திட்டுகள்.

திட்டுகள் பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கின்றன. தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, பாய் விரித்தாற்போல் பரவுகிறது. கோடையில் பூக்கிறது. ஆனால் பல திட்டுகளில் காய் மட்டும் பிடிப்பதில்லை!

காரணம் இதுதான். இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் செய்யாத குடும்பத்தைப் போல, அதற்கு வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆயிரம் செடிகள் என்று நாம் நினைக்கும் திட்டு, உண்மையில் ஒரே விதையிலிருந்து படர்ந்த ஒரே செடியாக இருக்கக்கூடும். அப்படியானால் அத்தனை பூக்களும் ஒரே உடம்பின் பூக்கள். வரன் எங்கே கிடைக்கும்? முன்பு காடு தொடர்ச்சியாக இருந்தபோது வெவ்வேறு செடிகள் ஒன்றோடொன்று பின்னி வளர முடிந்தது. இப்போது இடையில் வெட்டவெளி. மகரந்தம் சுமக்கும் சிறு ஈக்கள் அவ்வளவு தூரம் பறப்பதில்லை. அபர்தீன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துணைப் பஞ்சத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டியது.

விதை இல்லாவிட்டால் என்ன, தண்டுதான் பரவுகிறதே என்று நினைத்துவிட வேண்டாம். தண்டு காட்டின் விளிம்போடு நின்றுவிடும். மரம் வெட்டும் இயந்திரம் ஒரு முறை ஏறி மிதித்தால் ஒரு திட்டு முழுவதும் போய்விடும். அதன் இடத்தில் முளைக்க வாரிசு இராது.

வெளியூர் வரன்

ஆகவே கெயர்ன்கார்ம் பகுதியில் மனிதர்களே தரகு வேலையை மேற்கொண்டிருக்கிறார்கள். வேறு இடத்துச் செடியின் தண்டுகளை வெட்டி வந்து, வேர்பிடிக்க வைத்து, தனித்து நிற்கும் திட்டுகளுக்கு அருகே நடுகிறார்கள்.

காய் பிடித்துவிட்டால் அப்புறம் கவலை குறைவு. அதைச் சூழ்ந்திருக்கும் இலைச் செதில்களில் பிசுபிசுப்பான ரோமங்கள் உண்டு. நம் ஊர் நாயுருவியைப் போல, போகிற விலங்கின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் பயணம் போய்விடும். அதற்கு முன், ஓர் ஈ இந்தச் செடியிலிருந்து அந்தச் செடிக்குப் பறந்தாக வேண்டும். அந்த ஈயை நம்பித்தான் புதுச் செடிகளை அவ்வளவு பக்கத்தில் நடுகிறார்கள்.