களைப்பை அளந்து பார்க்க வேண்டும்

கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், "களைப்புத்தான், வேற ஒண்ணுமில்ல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கி, பின்னேரம் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து அடுப்பும் மூட்டுகிறவருக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும் என்று வீட்டாரும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வேலையால் வரும் களைப்பு நல்ல தூக்கத்தோடும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வோடும் பெரும்பாலும் தணிந்துவிடும். விடியும்போதே உடம்பு கனத்துக் கிடந்தால், முன்பு நிற்காமல் ஏறிய படிகளில் இப்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அது இரத்தத்தில் இருக்கலாம், கழுத்தின் முன்புறமுள்ள தைரொயிட் சுரப்பியில் இருக்கலாம், இரண்டிலும் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டையுமே அளந்து அறிய முடியும். அளக்காமல் அதைத் தோட்டத்து வாழ்க்கையின் பங்கு என்று ஏற்றுக்கொள்வதுதான் தவறு.

தோட்டத்தில் நடந்த ஆய்வு

இதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் செனவிரத்ன முதலிய இலங்கையரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொருவரும் பறிக்கும் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரையிலான அளவில், அதாவது கூடுதலான இரத்தச்சோகையோடு இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகமாக இருந்தது. இதை வைத்து, தோட்டத்துக்குக் கிலோ கூடும் என்பதற்காகவா பெண்ணின் இரத்தத்தைப் பார்ப்பது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அந்த ஆய்வின் இன்னொரு பாதிதான் அதற்குப் பதில். மலையில் மட்டுமல்ல, நாளின் 24 மணி நேரமும் அவர்களுடைய நடமாட்டத்தை அளந்தபோது, மூன்று வாரத்தில் இரும்புச்சத்து பெற்றவர்கள் தெளிவாகக் கூடுதலாக இயங்கினார்கள். பிள்ளையோடு இருக்கவும், கோயிலுக்குப் போகவும், தோட்டக் கணக்கில் சேராத தன் சொந்தப் பொழுதை வாழவும் வேண்டிய தெம்பு அதுதான். சோம்பல் என்று ஏசப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு உண்மையில் இரத்தத்தில் ஒட்சிசன் போதாமல் இருந்திருக்கிறது.

மலை உயரமும் ஹீமோகுளோபின் எண்ணும்

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது பொதுக் கணக்கு. கிளினிக் கொப்பியில் 12 என்று எழுதியிருந்தால் மனம் ஆறிவிடுகிறது. ஆனால் அந்த எண் கடல் மட்டத்தில் வாழ்பவருக்கு உரியது. உயரம் கூடக்கூடக் காற்றில் ஒட்சிசன் அடர்த்தி குறைவதால், அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 1,000 முதல் 1,500 மீற்றர் வரை வாழ்வோருக்கு அந்த எல்லை 0.8 கிராமும், 1,500க்கு மேல் 2,000 வரை 1.1 கிராமும் உயரும். அப்படியானால் ஹட்டனில் 12.8க்குக் கீழும், நுவரெலியாவில் 13.1க்குக் கீழும் இருப்பது குறைவுதான். கொழும்பில் 12.4 நல்ல எண். நுவரெலியா லயத்தில் அதே 12.4 இரத்தச்சோகை. இப்படிக் கணக்குப் பார்த்தால் பாதித் தோட்டமும் நோயாளியாகிவிடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. எண் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை என்பது சரிதான். அறிகுறிகளையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துத்தான் வைத்தியர் முடிவு செய்வார். ஆனாலும், குறையுள்ள ஒரு பெண்ணை "எல்லாம் சரி" என்று திருப்பி அனுப்புவதைவிட, எல்லையில் நிற்பவரை இன்னொரு முறை பார்ப்பது மேல்.

மாத்திரைக்கு அடங்காத களைப்பு

"இரும்பு மாத்திரை குடிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல" என்ற பேச்சு தோட்டங்களில் அடிக்கடி கேட்பதுதான், அதில் பொய்யும் இல்லை. வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து இரண்டு வாரத்தில் நிறுத்தியிருக்கலாம். மலம் கறுப்பது மாத்திரையால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். மாதவிடாயில் அதிக இரத்தம் போனாலும், குடலில் கொக்கிப்புழு இருந்தாலும், உள்ளே போட்ட இரும்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும். கொக்கிப்புழுவை எதிர்த்து ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் இயக்கம் தொடங்கியது 1916இல். நூறாண்டு தாண்டியும் செருப்பும் நல்ல மலசலகூடமும் பூச்சி மருந்தும் தேவையாகவே இருக்கின்றன. தலசீமியாக் கூறு உள்ளவருக்கு இரும்புச்சத்துக் குறையாமலே ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், அவருக்கு மாத்திரையால் பயனில்லை.

இவற்றோடு தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். மலையகத்தில் இது எளிதாகத் தப்பிவிடும். குளிர் தாங்காமை, தோல் வறட்சி, குரல் கரகரப்பு ஆகியவை தைரொயிட் குறைவின் அடையாளங்கள். நுவரெலியாக் குளிரில் எல்லோருக்கும்தான் குளிர்கிறது, தோல் வறள்கிறது என்று அவை கவனிக்கப்படாமல் போகின்றன. கூடவே மலச்சிக்கல், முடி கொட்டுதல், காரணமின்றி எடை கூடுதல், மாதவிடாய் மிகுதி இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை தேவை. 1995 முதல் நாட்டில் விற்கும் உப்பில் அயடின் சேர்க்கச் சட்டமே இருக்கும்போது தைரொயிட் குறைவு எப்படி வரும் என்பது நல்ல கேள்வி. அயடின் குறைவால் வரும் கழலை குறைந்தாலும், உடலின் நோயெதிர்ப்பே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோயை உப்பு தடுக்காது. பிரசவத்துக்குப் பிறகான மாதங்களிலும் சுரப்பி தடுமாறலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தைரொயிட் குறைந்தால் மாதவிடாய் மிகுந்து இரும்பு போகும், இரத்த அணு உற்பத்தியும் மந்தமாகும். தைரொயிட் ஹோர்மோனை உருவாக்கும் நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும், ஆகவே இரும்பு குறைந்தால் சுரப்பியும் தளரும். ஒன்றைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தினால் களைப்பில் பாதி மிஞ்சிவிடும்.

தேத்தண்ணியும் மாத்திரையும்

ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் தோட்டத்துக் காலைச் சாப்பாடு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணியை விடச் சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஒரு கை நெத்தலிக் கருவாடு வெறும் கீரையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். தைரொயிட் குறைவுக்கு மாத்திரை தரப்பட்டால், அதை எழுந்தவுடன், அடுப்பு மூட்டும் முன்பே, வெறும் தண்ணீரில் விழுங்கிவிட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேத்தண்ணியும் வேண்டாம். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், ஆகவே அவற்றை மத்தியானத்துக்கோ இராவுக்கோ தள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் இரும்பு நன்றாகச் சேர்கிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையை நிறுத்தாமல் இதை வைத்தியரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் கிளினிக் சொன்னபடியே நடக்க வேண்டும். தைரொயிட் மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீர்க் குடத்தையும் விறகையும் வீட்டு ஆண்கள் தூக்கட்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஒரு பேர் போகும் என்ற கணக்கு

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு இதுதான்: ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும்; பஸ் காசும் போகும். களைப்போடு மலைக்குப் போய்க் கிலோ நிரம்பாமல் அரைப்பேர் வாங்குவதும் நட்டந்தான் என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் அவர் தலையில் வைப்பது நேர்மையல்ல. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் கட்டிய புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்ட வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் மலையின் உச்சியிலுள்ள டிவிசனிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாள் வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி கையில் அடங்குவது, சில நிமிடத்தில் விடை தருவது. அதைப் பிள்ளைக் காம்பராவுக்கோ பெரட்டுக் களத்துக்கோ கொண்டுவரலாம். டி.எஸ்.எச். பார்க்க வேண்டியவர்களின் இரத்தத்தை அங்கேயே எடுத்து வைத்தியசாலைக்கு அனுப்பலாம். கர்ப்ப காலக் கிளினிக்குக்குப் பிறகு பல பெண்களின் இரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. கடைசிப் பிள்ளை பிறந்ததற்கும் 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போவதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலும் மாதவிடாயால் இரும்பு இழப்பு தொடர்கிறது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து, பரிசோதனை நாளுக்கு முழுப்பேரையும் கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளில் இருக்கும் பெண்களுக்கு வருடத்தில் ஒரு முறை, வேலை நேரத்திலேயே, தோட்டத்திலேயே அந்தப் பரிசோதனையை நடத்த வேண்டும்.