மூச்சை முட்டச் செய்யும் சொல்: ஸ்ரைபிளிங்



சித்திரை மாதத்துப் பகலொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, கச்சான் இன்னும் தொடங்கவில்லை. கல்லடியில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. ஆனால் தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை. வகுப்பில் மின்விசிறியும் நின்றுவிட்டால், "என்ன புழுக்கம்!" என்கிறோம். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பலர் 'வெரி ஹொட்' என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். இதற்குப் பொருத்தமான சொல் 'ஸ்ரைபிளிங்'.

1. எழுத்துக்கூட்டல்

எஸ், ரீ, ஐ, எப், எல், ஐ, என், ஜீ. 'ஸ்ரைபிள்' என்பது வினைச்சொல். அதன் இறுதியில் 'ஈ' என்னும் எழுத்து உண்டு. 'ஐஎன்ஜீ' சேரும்போது அது கெடும். இதை மறந்து பலர் புள்ளியை இழக்கின்றனர்.

2. பொருள்

மூச்சு முட்டுவது போன்ற உணர்வைத் தருகின்ற என்பது பொருள். 'போன்ற' என்பதைக் கவனியுங்கள். புழுக்கமான நாளிலும் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம் இருக்கவே செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை, உடல் குளிர்வதில்லை. அதனால்தான் மூச்சு முட்டுவதாக உணர்கிறோம்.

3. வேறுபாடு அறிக

ஸ்ரபி: யன்னல் பூட்டிய அறையின் அடைசலான காற்று. அசௌகரியம் மட்டுமே.

ஸ்ரைபிளிங்: தாங்கமுடியாத புழுக்கம்.

சபோகேற்: ஒட்சிசன் கிடைக்காமல் மூச்சுத்திணறுதல்; மூச்சுத்திணறி இறத்தலையும் இச்சொல் குறிக்கும்.

வாவிக்கரையில் வெயிலில் நிற்பவருக்கு அந்தப் பகல் 'ஸ்ரைபிளிங்'. நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். பாசி பெருகி அழுகினால் இன்னும் குறையும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், அது 'சபோகேற்'. முன்னது உணர்வு, பின்னது உயிராபத்து.

இவ்வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. இத்தகைய வேளையில் பூட்டிய வீட்டினுள் மின்பிறப்பாக்கியை இயக்குவது மிக ஆபத்தானது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. புழுக்கமே தெரியாமல் உயிர் போகலாம். 'ஸ்ரைபிளிங்' ஆக இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணாதீர்கள்.

4. வாக்கியத்தில் அமைத்தல்

'த குளாஸ்றூம் வோஸ் ஸ்ரைபிளிங்.' வகுப்பறை தாங்கமுடியாத புழுக்கமாக இருந்தது.

'ஐ ஆம் போறிங்' என்றால், 'நான் மற்றவர்களைச் சலிப்படையச் செய்பவன்' என்று பொருள்படும் அல்லவா? அதைப் போலவே, பெயரடையாக வரும்போது 'ஸ்ரைபிளிங்' மூச்சை முட்டச் செய்யும் பொருளையோ இடத்தையோ குறிக்கும். திணறுபவரைக் குறிக்க இச்சொல் வினையாக வருவதும் உண்டு. எனினும் அறை, வெப்பம், காற்று ஆகியவற்றையே எழுவாயாக வைத்து எழுதினால் உங்களுக்குப் பிழை நேராது.

5. உருவகப் பயன்பாடு

'ஸ்ரைபிள்' என்னும் வினை 'வெளிவருவதை அடக்குதல்' என்றும் பொருள்படும். கொட்டாவியை அடக்கலாம், சிரிப்பை அடக்கலாம். மாணவரைக் கேள்வி கேட்கவிடாமல் அடக்கினால், அதற்கும் இதே சொல்தான். காற்றுக்கு வழியில்லாத அறையும் கேள்விக்கு இடமில்லாத வகுப்பும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைச் சிந்தியுங்கள்.

பயிற்சி

பொருத்தமான சொல்லைத் தெரிவுசெய்க: ஸ்ரபி, ஸ்ரைபிளிங், சபோகேற்.

அ. நெடுநாள் பூட்டியிருந்த அறையின் அடைசல்.
ஆ. ஒட்சிசன் இல்லாத நீரில் மீனுக்கு நேர்வது.
இ. காற்றசையாத சித்திரைப் பகலின் வெப்பம்.

விடைகள்: அ. ஸ்ரபி. ஆ. சபோகேற். இ. ஸ்ரைபிளிங்.

விடையைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் ஊரிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் சொல் உங்களுடையதாகும்.