வங்கத்துச் சேன மன்னரின் பூர்விகம்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மிடம், புதிதாக அறிமுகமாகும் எவரும் முதலில் வினவுவது, "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே. நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். நம் மக்கள் சற்றுத் தயங்கிக் கூறுகின்றனர். பேரப்பிள்ளைகளோ தாம் பிறந்த ஊரையே சொந்த ஊர் என்கின்றனர். இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வங்க நாட்டை ஆண்ட சேன மன்னர் குலத்திலும் இதனையொத்த ஒரு நிலை இருந்தது என்பதை அவர்களுடைய சாசனங்களே நமக்குக் காட்டுகின்றன.

பால மன்னரின் வலிமை குன்றிய காலத்தில் தலையெடுத்தவர் சேனர். 12ஆம் நூற்றாண்டில் விஜயசேனர், அவர் மைந்தர் வல்லாளசேனர், பேரர் லட்சுமணசேனர் ஆகியோர் வங்கத்தின் பெரும் பகுதியை ஆண்டனர். 'கீத கோவிந்தம்' பாடிய ஜயதேவர் லட்சுமணசேனரின் அவையை அணி செய்தவர் என்பது மரபு. வங்கத்தாரின் வரலாற்றில் இத்துணைச் சிறப்புற்ற இம்மன்னர்கள், குருதியால் வங்கத்தார் அல்லர்.

இதனை வெளிப்படுத்தியது ஒரு கல். இன்று வங்காளதேசத்தில் உள்ள ராஜசாகி மாவட்டத்துத் தேவபாரா என்னும் சிற்றூரில் 1865ஆம் ஆண்டு அது கண்டெடுக்கப்பட்டது. விஜயசேனர் பிரத்யும்னேசுவரருக்குப் பெருங்கோயில் எடுத்தபோது பொறிக்கப்பட்ட சாசனம் அது. உமாபதிதரர் என்னும் புலவர் வடமொழியில் இயற்றிய அப்பாடல்கள், சந்திர வமிசத்திலே தென்னாட்டு மன்னராகிய வீரசேனர் முதலியோர் தோன்றினர் என்றும், அவர் வழியில் பிரம்மக்ஷத்திரியர் குலத்துக்கு அணியாகச் சாமந்தசேனர் பிறந்தார் என்றும் கூறுகின்றன. கர்நாடகத்தின் செல்வத்தைக் கொள்ளையிட்ட பகைவரை அவர் அழித்தார் என்பதும், முதுமையில் கங்கைக் கரைத் தவச்சாலைகளை நாடினார் என்பதும் அக்கல் தரும் செய்திகள். இச்சாமந்தசேனர் விஜயசேனரின் பாட்டனார் ஆவார்.

வல்லாளசேனரின் செப்பேடு ஒன்று, கட்வாவுக்கு அருகிலுள்ள நைஹாத்தியில் கிடைத்தது. அது இக்கதையைச் சற்று வேறு விதமாகக் கூறுகிறது. சாமந்தசேனர் பிறப்பதற்கு முன்பே அக்குலத்தோர் ராட நாட்டை, அதாவது மேற்கு வங்கப் பகுதியை, அணி செய்தனர் என்கிறது. தந்தையின் கல் தென்னாட்டை முன்னிறுத்துகிறது. மைந்தரின் செப்பேடு ராட நாட்டை முன்னிறுத்துகிறது. இவற்றுள் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டுவதில்லை. குடும்பம் முன்னரே ராடத்தில் குடியேறியிருக்க, சாமந்தசேனர் தென்னாடு சென்று போர் புரிந்து முதுமையில் மீண்டார் என்று கொண்டால் இரண்டும் பொருந்தும் என்பர் ஆராய்ச்சியாளர்.

அவர்கள் எவ்வாறு வங்கம் வந்தனர்? இதில் கருத்து வேறுபாடு உண்டு. கி.பி. 1023ஐ ஒட்டி நம் இராசேந்திர சோழரின் படை கங்கை நாடு சென்றது. அப்படையோடு வந்தவர் என்பார் சிலர். சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தரின் வடநாட்டுப் படையெடுப்போடு வந்தவர் என்பார் வேறு சிலர். பால மன்னரின் செப்பேடுகளில் அரசுப் பணியாளர் வரிசையில் மாளவர், ஹூணர், லாடர் ஆகியோருடன் கர்நாடரும் எண்ணப்படுகின்றனர். ஆதலின், ஊழியத்துக்கு வந்து, எசமானரின் அரசு தளர்ந்தபோது தாமே அரசராயினர் என்பது மற்றொரு கருத்து. பிழைப்புத் தேடி வந்தோர் நிலைபெற்ற கதை என்ற அளவில் இது நமக்கு நன்கு விளங்குவதே.

திருமணச் செய்திகளும் கருதத்தக்கவை. விஜயசேனரின் தேவி விலாசதேவி, வங்கத்துச் சூர குலத்தில் பிறந்தவள். இராசேந்திர சோழரின் மெய்க்கீர்த்தியில், 'தக்கணலாடம்' எனப்படும் தென் ராடத்தின் மன்னனாக ஒரு ரணசூரன் குறிக்கப்படுகிறான். அவனும் அக்குலத்தவனே என்பது அறிஞர் கருத்து. தந்தை வந்த நாட்டில் பெண் கொண்டார். மைந்தர் வல்லாளசேனரோ சாளுக்கிய அரசகுமாரியாகிய ராமாதேவியை மணந்தார். இம்மணத்தில் பிறந்த லட்சுமணசேனரின் மாதாய்நகர்ச் செப்பேட்டில், சாமந்தசேனர் கர்நாடக க்ஷத்திரியர்க்கு முடிமாலை எனப் போற்றப்படுகிறார். வல்லாளரின் செப்பேட்டில் பின்னுக்குச் சென்ற தென்னாடு, மைந்தர் காலத்தில் மீண்டும் முன்வந்தது.

எனினும் பூர்விக நினைவு வேறு, வாழ்க்கை வேறு. மிதிலையை ஆண்ட நான்யதேவரும் கர்நாடக மரபினரே. அவரை விஜயசேனர் வென்றதைத் தேவபாராக் கல் பெருமையுடன் பேசுகிறது. அக்கல்லின் எழுத்து வங்க எழுத்துக்கு முன்னோடியாகிய கௌட எழுத்து. பொறித்தவர் வரேந்திர நாட்டுச் சிற்பிகளின் தலைவராகிய சூலபாணி. "நாங்கள் தென்னாட்டார்" என்ற செய்தியையே வங்க நாட்டுக் கைகள் வங்க நாட்டு எழுத்தில் செதுக்கின!

அன்பர்களே, பூர்விகம் என்பது குருதியில் தானே தங்கியிருப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துச் சொன்னால் நிலைக்கும், சொல்லாவிடில் மறையும். சேனர்க்குக் கல்லும் செம்பும் இருந்தன. நம்மிடம் இருப்பவை பழைய திருமண அழைப்பிதழ்களும், பெட்டியில் கிடக்கும் கடிதங்களும், முதியோரின் நினைவுமே. பாட்டனார் எவ்வூரினின்று, எவ்வாண்டில், எத்தொழிலுக்காகப் புறப்பட்டார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. அதனோடு, இவ்வூரில் நமக்கு முதலில் இடங்கொடுத்தவர் பெயரையும் எழுதுவோமாக. தேவபாராக் கல்லில் சாமந்தசேனரின் பெயருடன் சூலபாணியின் பெயரும் இருக்கிறதன்றோ?