கிளட்ச் இடைவெளியும் ஷிம்மும்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பால் கேனையோ புல்லுக்கட்டையோ சுமந்து போகும் மொபெட்டினுள்ளே, ஓட்டுபவரின் கைக்கோ காலுக்கோ வேலை வைக்காமல் தானே பற்றித் தானே விடுகிற ஒரு கிளட்ச் இருக்கிறதென்பதையும், அதன் க்ஷேமம் ஷிம் எனப்படும் மெல்லிய எஃகு வளையங்கள் சிலவற்றைச் சார்ந்திருக்கிறதென்பதையும் நம்மில் அனேகர் சிந்திப்பதில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 முதல், 2015-ல் வந்த நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வரையில், இந்த வம்சத்து வண்டிகளுக்கெல்லாம் மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்ச்சே ஆதாரம்.

எஞ்சின் சுழலும்போது, ஸ்பிரிங்குகள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் கிளட்ச் ஷூக்கள் வெளிப்புறம் விலகி, தம்மைச் சூழ்ந்த டிரம்மின் உட்சுவரைப் பற்றுகின்றன. வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகுமென்பது பௌதிக நியமமாகையால், ஐடிலிங்கில் விலகியே நிற்கும் ஷூக்கள் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

பல எஞ்சின்களில் இந்த டிரம் தண்டின்மேல் பக்கவாட்டில் அசைவதற்குச் சொற்ப இடைவெளி அவசியம். அது அற்றுப்போனால் டிரம் உராய்ந்து சூடேறி, நிற்க வேண்டிய இடத்திலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும்; அதிகமானாலோ டிரம் ஆடிச் சடசடக்கும், பற்சக்கரங்களும் முழு அகலத்தில் பொருந்தாமல் தேயும்.

தொழிற்சாலையிலேயே அளவாகக் கடைந்துவிடலாகாதா என்று கேட்கலாம். தண்டு, பேரிங், டிரம், வாஷர், கேஸ் ஆகிய ஐந்துக்கும் தலா 0.05 மில்லிமீட்டர் கூடுதல் குறைவு அனுமதிக்கப்பட்டதாகக் கொண்டால், ஐந்தும் ஒரே பக்கம் சாயும்போது பிழை 0.25 மில்லிமீட்டராகிவிடும். ஒவ்வொன்றையும் பன்மடங்கு சூக்ஷ்மமாகக் கடைவதற்குப் பெருஞ்செலவாகும். கூட்டிய பின் மிஞ்சுவதை அளந்து, அதற்கேற்ற ஷிம்மை இடுவதே விவேகம். பெரிய கார்களின் கியர்பாக்ஸ்களிலும் இந்த யுக்தியே கையாளப்படுகிறது என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும் விஷயம்.

அப்படி அளப்பதற்கு, டிரம் தண்டிலிருந்து கழலாமல் தடுக்கும் சர்க்ளிப்பை மாட்டி, டிரம்மை உள்ளே அழுத்திக்கொண்டு, வாஷருக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவே ஃபீலர் கேஜின் இதழ்களை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். 0.40 தாராளமாகப் போய், 0.45 லேசான பிடிப்போடு நுழைந்து, 0.50 மறுத்தால், இடைவெளி 0.45. சர்வீஸ் புத்தகம் 0.10 முதல் 0.20 வரை விதித்திருக்குமாயின், 0.30 கனமுள்ள ஷிம் ஒன்றை இட்டால் 0.15 மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அளப்பது வீண். உஷ்ணத்தையும் மறக்கலாகாது: எஃகு மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் விரிவதால், தண்டைவிட டிரம் 100 டிகிரி அதிகம் சூடேறினால், அதன் 20 மில்லிமீட்டர் நடுப்பாகம் 0.024 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டு இடைவெளியைத் தின்றுவிடும்.

அவசரத்துக்குத் தகரத்தை வெட்டிச் செருகுவோரும் உண்டு. அது நசுங்கித் துணுக்குகளாகி எண்ணெயில் கலந்து பேரிங்கைக் கெடுக்குமாகையால், அப்படிச் செய்யவே கூடாதென்பது என் அபிப்பிராயம். முறையாக ஷிம் இட்ட வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிட்டால், பின்சக்கரம் மெல்லச் சுற்றினாலும் லேசான பிரேக்குக்கே நின்றுவிடும். நிற்காமல் இழுத்தால், கவரைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டியதுதான்.