குருதி முன்கூட்டிச் சொல்லுமா?

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று திடீரென்று ரியூஷனுக்குப் போக மறுக்கிறது. இரவில் நித்திரை இல்லை. கிணற்றடியில் ஆரோ தன்னைப் பற்றிக் கதைப்பதாகச் சொல்கிறது. பிறகு, "காற்றாய் இருக்கும்" என்று தானே திருத்திக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இப்படி ஒரு வீடு முதலில் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம்தான் ஓடும். அடுத்தது கோயிலில் நூல் கட்டுவது. வைத்தியசாலைப் படி ஏறுவதற்குள் மாதங்கள் போய்விடும்.

"காற்றாய் இருக்கும்" என்று இன்னும் சந்தேகப்பட முடிகிறதே, அந்தக் கட்டம் மிக முக்கியமானது. மெய் எது, பொய் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் நோய்க்கு முந்திய வாசல் அது. இந்த வாசலில் நிற்பவர்களுக்கென்றே 1994இல் மெல்பேர்ணில் பற்றிக் மக்கோரி குழுவினர் ஒரு கிளினிக்கைத் தொடங்கினார்கள். வாசலில் நிற்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் மூன்று ஆண்டுகளுக்குள் நோய்க்குள் போகிறார்கள், மற்றவர்கள் போவதில்லை. யார் அந்தக் கால்வாசி?

டப்ளினில் உள்ள அயர்லாந்து றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரியில் டேவிட் கொட்டர் குழுவினர் விடையைக் குருதியில் தேடி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இதே வாசலில், அதாவது ஆபத்துநிலையில், இருந்த 133 பேரிடம் முன்னமே எடுத்து வைத்த குருதி அது. அவர்களில் 49 பேர் பின்னர் நோயுற்றனர். பத்தே புரதங்களை அளந்து, நோயுறுவோரையும் மற்றவர்களையும் கணினி மிகத் துல்லியமாகப் பிரித்தது. அறிகுறிகளை மட்டும் வைத்துச் செய்த கணிப்போ குருட்டு ஊகத்தைத் தாண்டவில்லை.

அந்தப் புரதங்களில் பல, குருதி உறைதலோடும் கிருமியை அடையாளமிடும் கொம்பிளிமென்ட் எனும் பாதுகாப்பு ஏற்பாட்டோடும் தொடர்புடையவை. மனநோய்க்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? மூளையிலும் கொம்பிளிமென்டுக்கு வேலை உண்டு. நீர்வேலிச் செம்பாட்டு மண்ணில் வாழை வைத்தவர்கள் மேலதிகக் குட்டிகளை வெட்டித்தான் நல்ல குலை எடுப்பார்கள். பதின்ம வயதில் மூளையும் அப்படியே நரம்பு இணைப்புகளைக் கழிக்கிறது. கழிக்க வேண்டியவற்றைக் குறித்துக் கொடுப்பது கொம்பிளிமென்ட். அதன் புரதங்களில் ஒன்றான சி4இன் மரபணுவின் சில வடிவங்கள், சைக்கோசிஸ் வகை நோயான சிசோபிரீனியாவின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று ஸ்டீவன் மக்கறோல் குழுவினர் 2016இல் காட்டினர். வெட்டு மிஞ்சினால் மூளைக்குக் கேடு என்ற கருத்து அதன்பின் வலுத்தது.

ஆனாலும் நாளைக்கே ஊரெல்லாம் குருதி எடுக்கக் கிளம்பக் கூடாது. மாரிகாலத்து டெங்குக் காய்ச்சலிலும் இதே கொம்பிளிமென்ட்தான் கிளர்கிறது; அது மனநோய்க்கு மட்டும் உரிய அடையாளமல்ல. கணக்கையும் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேர் நோயுறக்கூடியவர்கள் என்றும், நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் பரிசோதனை கையில் உள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். அது ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். சுகமாயிருக்கும் 99 பிள்ளைகளையும் சேர்த்துப் பிடிக்கும். சம்பந்தம் பேசும்போது பரம்பரையையே விசாரிக்கும் நம் ஊரில் அந்த 99 பேரின் கதி என்ன? ஆகவே இந்தக் குருதிப் பரிசோதனை ஏற்கெனவே வைத்தியரிடம் வந்து, ஆபத்துநிலை என்று கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அவர்களுக்கும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

போரின் மனவடுவைத் தனியாளோடு நிறுத்தாமல் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். இந்த நோய்க்கும் அதுவே வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசோதனை வரும்வரை முதல் அறிகுறியைக் காணப்போவது வீட்டார்தான்.

நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள். அதே கிழமையில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கஞ்சாப் பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு முதலில் அழைத்துப் பேசுங்கள்.