கண் காணா ஒளியும் காப்பிக்கொட்டையும்

நல்ல காப்பிக்கொட்டைகளோடு குற்றமுள்ள கொட்டைகள் சில கலந்தாலும் பானத்தின் சுவை கெடும். அக்குற்றங்களுள் மூன்று முக்கியமானவை. கறுத்துப் போனது கருங்கொட்டை. முதிராத காயிலிருந்து வந்தது இளங்கொட்டை. அளவு கடந்து புளித்தது புளிப்புக்கொட்டை. கருங்கொட்டையைக் கண் எளிதில் கண்டுகொள்ளும். மற்ற இரண்டுமோ பல சமயங்களில் நல்லவை போலத் தோன்றி ஏமாற்றிவிடும்.

பிரேசில் நாட்டில் காயும் பழமுமாகக் கிளையை உருவிப் பறிக்கும் வழக்கம் உண்டு. ஆதலால் இளங்கொட்டைகள் மிகுதியாகச் சேர்கின்றன. ஏற்றுமதிச் சரக்கிலிருந்து பொறுக்கி நீக்கியவை எறியப்படுவதில்லை; நல்லவற்றோடு கலந்து வறுக்கப்பட்டு உள்நாட்டிலேயே விலையாகின்றன. அரைத்துப் பொடியான பின் குற்றத்தை எக்கண் காணும்? விளைவித்த நாட்டின் மக்களே அக்காப்பியை அருந்துகின்றனர் என்பதை எண்ணும்போது, இது வெறும் சுவையைப் பற்றிய சிக்கல் அன்று என்பது விளங்கும்.

இங்கே துணைக்கு வருவது அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், பட்டகத்தால் பிரிந்த சூரிய ஒளியில் சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளி தென்படாத அவ்விடத்திலும் வெப்பம் ஏறிற்று. "காணாததை ஒளி என்பது எப்படி, ஐயா?" என்று என் வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. கண் ஒன்றே சாட்சி அன்று. வெப்பமானியும் ஒரு சாட்சி என்பேன்.

மூலக்கூறிலுள்ள அணுக்கள் சுருள்வில்லால் பிணைத்தவை போல ஓயாது அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு இசைந்த கதிரையே உறிஞ்சும். நீர், ஏறத்தாழ 1450 நானோமீட்டர் நீளமுள்ள அலையை மிகுதியாக உறிஞ்சுவது ஓர் எடுத்துக்காட்டு. கொட்டையிலுள்ள நீர், கொழுப்பு, சர்க்கரை, அமிலங்கள் ஆகியவற்றின் அளவு மாறினால், உறிஞ்சப்படும் கதிரின் அளவும் மாறும். அம்மாற்றத்தை வரைந்து காட்டுவதே நிறமாலை. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நல்ல கொட்டையையும் குற்றமுள்ள கொட்டையையும் இம்முறையால் வேறுபடுத்தலாம் என்று 2012இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். கருவி தானாக நன்மை தீமை அறியாது. கைதேர்ந்தவர்கள் முதலில் கொட்டைகளை இனம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அம்மாதிரிகளின் நிறமாலைகளைக் கொண்டே கணிதம் விதி வகுக்கிறது. மாதிரி தவறினால் விடையும் தவறும். எனவே, கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்குப் பாடம் சொல்லும் மனிதன் நேர்மையும் பயிற்சியும் உடையவனாக இருத்தல் வேண்டும்.